பாஸ்வேர்டை மாற்றினேன், பழைய நம்பரை மறந்தேன்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் என் ஈமெயில் என் கையை விட்டுப் போய்விட்டது, திரும்பக் கிடைக்க ராத்திரி ஏழு மணி ஆனது. அந்த நாலு மணி நேரத்தில் எனக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை, யாரும் என்னை ஏமாற்றவும் இல்லை, திருடன் என்று ஒருவரே இதில் கிடையாது. ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பாஸ்வேர்டு விஷயத்தில் நான் ரொம்பக் கவனமாக இருப்பவள் என்று நம்பிக்கொண்டிருந்தேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேன், யாரிடமும் சொல்ல மாட்டேன், எங்கும் எழுதி வைக்க மாட்டேன், இவ்வளவு செய்தும் பதினோரு வருடமாக என் கணக்குக்குள் வர வேறொரு வழி திறந்தே கிடந்திருக்கிறது. எல்லைப் பக்கம் வாழ்கிற நம் ஆட்களில் நிறைய பேருக்கு இதே நிலைமை இருக்கும் என்று தோன்றுகிறது, அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பொள்ளாச்சிப் பக்கம். 2013ல் கல்யாணமாகி வந்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும், மற்றபடி அதே தென்னந்தோப்பு, அதே ஆழியாற்றுத் தண்ணீர், கடையில் பேசுவதும் தமிழ்தான். கேரளாவில் கரிசல் மண் இருப்பதே எங்கள் சித்தூர் தாலுகாவில்தான் என்பார்கள், அந்த அளவுக்கு இது அந்தப் பக்கத்து நிலம். ஆனால் கல்யாணமாகி வந்த அன்றைக்கு ஒன்று மட்டும் மாறித்தான் ஆக வேண்டியிருந்தது, அது செல்போன் நம்பர். இப்போதைய பிள்ளைகளுக்கு இது புரியாது. நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியிலேயே நாடு முழுக்க வந்துவிட்டது, ஆனால் அது ஒரே சர்க்கிளுக்குள்தான். தமிழ்நாட்டு நம்பரைக் கேரளா சர்க்கிளுக்குக் கொண்டுவர முடியாது. 2015 ஜூலையில்தான் அந்தத் தடை நீங்கியது. நான் வந்த காலத்தில் ரோமிங்கில் வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு போகும். அதனால் இங்கே ஒரு புது சிம் வாங்கினேன், பழையதை அம்மா கூப்பிடுவதற்காகக் கொஞ்ச நாள் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்திருந்தேன், பெரியவன் பிறந்தபோது ரீசார்ஜ் செய்ய மறந்து, அப்புறம் அது அப்படியே போய்விட்டது.

அந்த நம்பர்தான் 2009ல் காலேஜில் படிக்கும்போது ஆரம்பித்த என் ஜிமெயிலில் ரெக்கவரி நம்பராக இருந்தது. பாஸ்வேர்டு மறந்தால் எந்த நம்பருக்குக் கோடு, அதாவது ரகசிய எண், அனுப்ப வேண்டும் என்று கேட்பார்களே, அது. பாஸ்வேர்டை எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன். அதற்கு நாலு வரி கீழே இருந்த இந்த நம்பரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். மதியம் மூன்று மணி வாக்கில் போனில் மீண்டும் உள்நுழையச் சொல்லி ஒரு அறிவிப்பு. எங்கள் வீட்டில் டவர் ஒரு நிலையில் நிற்காது, வாசலில் நின்றால் கேரளா டவர், பின்னால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனால் தமிழ்நாட்டு டவர், ஒரே நாளில் மூன்று நாலு தடவை வரவேற்பு மெசேஜ் வரும். இதுவும் அந்த மாதிரி ஏதோ என்று தள்ளிவிட்டேன். ஆறரைக்கு மேல் உட்கார்ந்து பாஸ்வேர்டைப் போட்டால் ஏற்கவில்லை, மூன்று மணி நேரத்துக்கு முன்னால் பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருக்கிறது என்று காட்டுகிறது. கை நடுங்கிவிட்டது. அதே நேரம் தோப்பில் இருந்து இவர் கூப்பிட்டு, "உன் மெயில் பாஸ்வேர்டை நீயா மாத்தினே? எனக்கு வந்திருக்கு பாரு" என்கிறார். 2018ல் ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக அவருடைய மெயிலை என் கணக்கில் ரெக்கவரி மெயிலாகச் சேர்த்திருந்தேன், எச்சரிக்கை அங்கே போயிருக்கிறது. மூன்று மணிக்கே வந்ததை அவர் ஆறரைக்குத்தான் பார்த்திருக்கிறார், காய் வெட்டு நடக்கிற நாள். ஆனால் அந்த ஒரு மெயில் முகவரி இல்லாமல் இருந்திருந்தால் என் கணக்கு இன்றைக்கு என்னிடம் இருந்திருக்காது.

திரும்ப எடுக்கும் வழியில் போகும்போது கோடு அனுப்பவா என்று ஒரு நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தைக் காட்டியது. பார்த்ததும் புரிந்துவிட்டது, அது என் பொள்ளாச்சி நம்பர். அதை விட்டுவிட்டு வேறு வழி கேட்டேன், இவர் மெயிலுக்குக் கோடு வந்தது, நினைவில் இருக்கும் பழைய பாஸ்வேர்டைக் கேட்டது, போட்டேன், கிடைத்துவிட்டது. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கணக்கை மீட்கும்போது வழக்கமாகப் பயன்படுத்துகிற அதே போனில், வழக்கமான இடத்தில், வீட்டு வைஃபையில் இருந்தே செய்யுங்கள். பதற்றத்தில் பஸ் ஏறி டவுனுக்குப் போய் யாருடைய கம்ப்யூட்டரிலாவது உட்கார்ந்து முயற்சி செய்தால், கேட்பது உண்மையான ஆள்தானா என்று கூகுளுக்குச் சந்தேகம் கூடும். கடைசியாக நினைவிருக்கிற பாஸ்வேர்டு சரியாக இல்லாவிட்டாலும் அதற்கு நெருக்கமானதைப் போடுங்கள், தெரியாது என்று விட்டுவிடுவதைவிட அது நல்லது.

கணக்கு கிடைத்த பிறகு அந்த நம்பரைக் கூப்பிட்டேன். கூப்பிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன், இவரும் பக்கத்தில் நின்றார். எடுத்தது உடுமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் வந்துவிட்டது. "அம்மிணி, நமக்கு இந்த மெயிலெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. பேரன் புதுப் போன் வாங்கிக் குடுத்தான், கடைப் பையன் என்னமோ அமுக்கிக் குடுத்தான். ஏனுங்க, தப்பாப் போச்சுங்களா?" என்றார். ஒரு தப்பும் இல்லைங்க ஐயா என்று சொல்லிவிட்டு நிதானமாகக் கேட்டபோது நடந்தது தெரிந்தது. புதுப் போனில் கணக்குப் போட கடைப் பையன் பெரியவரின் நம்பரை அடித்திருக்கிறான். ஏற்கெனவே ஒரு கணக்கு இருப்பதாகக் காட்டி பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது. பெரியவருக்கு முன்பு யாரோ போட்டுக் கொடுத்து மறந்துபோன கணக்கு என்று நினைத்து, மறந்துவிட்டேன் என்பதை அமுக்கியிருக்கிறான். ஓடிபி கையில் இருந்த போனுக்கே வந்தது. புது பாஸ்வேர்டு போட்டான், போனைக் கொடுத்தான், அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். பெயர் வேறாக இருக்கிறதே என்று அவன் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னை ரொம்ப உலுக்கியது. "ஒரு பொண்ணு பேர்ல பேங்க்ல இருந்து மெசேஜா வருமுங்க, ரெண்டு வருசமா வருது. யாருக்கோ மாத்தி வருதுன்னு விட்டுட்டேனுங்க." என்னுடைய ஒரு பழைய சேமிப்புக் கணக்கு, கேஸ் இணைப்பு, எல்லாம் அந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. கிடைத்தவர் நல்ல மனிதர்.

பயன்படுத்தாமல் விட்ட நம்பர் அழிந்துபோவதில்லை என்பதை நான் யோசித்ததே இல்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாள் வரை அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது விதி, 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கிலும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தரப்பில் இதைத்தான் சொன்னார்கள். பழைய நம்பரோடு சேர்த்து வைத்திருக்கும் விவரங்களை நீக்கிக்கொள்வது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதாவது மூன்று மாதம் முடிந்தால் நம் பழைய நம்பர் எந்த ஊரிலோ யாருடைய கையிலோ போய்ச் சேரலாம், நம் கணக்குகளுக்கு அது தெரியாது, அவை பழைய நம்பரையே நம் நம்பர் என்று நம்பிக்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கம் இப்படி நம்பர் மாறாத வீடே இருக்காது. பொள்ளாச்சியில் பெண் எடுப்போம், இங்கிருந்து கோயம்புத்தூருக்குக் கொடுப்போம். வேலைக்கு வாளையாரைத் தாண்டிப் போவோம், வருவோம். மூணாறு, பீர்மேடு எஸ்டேட்டில் வேலை முடிந்து தேனிக்கோ திருநெல்வேலிக்கோ இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் தினமும் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கோடியில் ஆந்திராவின் சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் திருத்தணிக்கு வருகிறவர்களுக்கும் இதே கதைதான். வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளைச் சொல்லவே வேண்டாம், போன மூன்றாவது மாதம் ஊர் சிம் செத்துவிடும். ஒவ்வொருவரும் போகும்போது ஒரு நம்பரை விட்டுவிட்டுப் போகிறோம், அது எங்கெங்கே நம் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

அதனால் என் முதல் வேண்டுகோள் பாஸ்வேர்டைப் பற்றியது இல்லை. இப்போதே கூகுள் கணக்கில் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போய் ரெக்கவரி போன், ரெக்கவரி மெயில் இரண்டையும் பாருங்கள். நம்பர் உங்கள் கையில் இருக்கிற சிம்முடையதா? மெயில் இன்னும் திறக்கிறதா, இல்லை பத்து வருடத்துக்கு முன்னால் போட்டு மறந்த ரெடிஃப்மெயில் முகவரியா? இரண்டு வருடம் தொடாத கணக்கை நீக்கும் வழக்கத்தைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது, அதனால் வேறொரு ஜிமெயிலை ரெக்கவரிக்குக் கொடுத்திருந்தால் அதையும் அவ்வப்போது திறக்க வேண்டும். வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் மெயிலைக் கொடுப்பது நல்லது, எச்சரிக்கை வந்தால் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

நம்பரை மாற்றிய உடனே எல்லாம் முடிந்துவிடாது, இது எனக்குப் புதிதாகத் தெரிந்தது. ரெக்கவரி நம்பரை மாற்றினாலும் அடுத்த 7 நாள் வரை பழைய நம்பருக்குக் கோடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் வைத்திருக்கலாம். யோசித்தால் இது நியாயம்தான், திருடன் உள்ளே புகுந்து நம் நம்பரைத் தூக்கிவிட்டுத் தன் நம்பரைப் போட்டால் நாம் திரும்ப வர ஒரு வாரம் அவகாசம் வேண்டும் அல்லவா. என் விஷயத்தில் அது தலைகீழாக வேலை செய்தது. அதனால் பெரியவரிடம், "ஐயா, இன்னும் ஒரு வாரத்துக்கு ஏதாவது நம்பர் மெசேஜில் வந்தால் யார் கேட்டாலும் சொல்லாதீங்க, கடைப் பையன் கேட்டாலும்" என்று சொல்லி வைத்தேன். எட்டாம் நாள் அவரே கூப்பிட்டார், ஒன்றும் வரலைங்க அம்மிணி என்று.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன், ரொம்ப உதவியது. என் மெயில் பெட்டிக்குள்ளேயே தேடும் இடத்தில் பழைய நம்பரை முழுதாக ஒரு தடவையும், கடைசி நாலு இலக்கத்தை மட்டும் ஒரு தடவையும் அடித்துத் தேடினேன். பத்து வருடக் கடிதங்களில் அந்த நம்பர் இருந்தவை வரிசையாக வந்தன. பேங்க், கேஸ், ஒரு காப்பீடு, இரண்டு துணிக்கடை, ரயில் டிக்கெட், பேஸ்புக். நம்பரை மறைத்துக் கடைசி நாலை மட்டும் காட்டுகிற கடிதங்கள் முழு நம்பரில் தேடினால் மாட்டாது, அதனால்தான் நாலு இலக்கத்தையும் தேடினேன். ஒரு நோட்டில் எழுதி ஒவ்வொன்றாக மாற்றி வருகிறேன், பேங்க்குக்கு நேரில் போக வேண்டியிருந்தது.

சரி, இப்போது பாஸ்வேர்டுக்கு வருகிறேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும், ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி இருந்தே ஆக வேண்டும். அதனால் அங்கே எல்லோரும் என்ன செய்வோம்? போன தடவை போட்டதன் கடைசியில் இருந்த ஒன்றை இரண்டாக்குவோம், அடுத்து மூன்று. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிறுவனத்தில் இருந்த பில் பர் 2003ல் எழுதிய வழிகாட்டியில் இருந்து உலகம் முழுக்கப் பரவியது. அவரே 2017ல், ஓய்வு பெற்ற பிறகு, அதில் பெரும்பகுதிக்கு வருத்தப்படுவதாகச் சொல்லிவிட்டார். அதே வருடம் நிஸ்ட்டும் வழிகாட்டியை மாற்றியது. காரணமில்லாமல் நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதே, குறிகளைத் திணிக்காதே, நீளமாக வைக்க விடு, ஏற்கெனவே கசிந்த, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகளைத் தடுத்து வை என்பதுதான் சுருக்கம். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றியதை நினைத்து இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன், அந்த நிம்மதிக்கு அடிப்படையே இல்லை.

மாற்ற வேண்டிய நேரங்கள் உண்டு. வேறு யாராவது உள்ளே வந்த சந்தேகம் இருந்தால் உடனே. அந்த பாஸ்வேர்டை வேறு எங்காவதும் போட்டிருந்தால், அந்த இடம் கசிந்தால், உடனே. 2013ல் யாஹூவில் நடந்த கசிவில் 300 கோடி கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்று 2017ல்தான் ஒத்துக்கொண்டார்கள், நாலு வருடம் கழித்து. கசிந்த பட்டியலில் இருக்கும் மெயிலையும் பாஸ்வேர்டையும் எடுத்து மற்ற எல்லாத் தளங்களிலும் போட்டுப் பார்ப்பதற்கென்றே புரோகிராம்கள் இருக்கின்றன. துணிக்கடை தளத்தில் போட்டதையே மெயிலிலும் போட்டிருந்தால் துணிக்கடையில் கசிந்தது மெயிலைத் திறந்துவிடும். நம் முகவரி அப்படி எங்காவது கசிந்திருக்கிறதா என்று பார்க்க ட்ராய் ஹன்ட் என்பவர் 2013 டிசம்பரில் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளம் இருக்கிறது, மெயில் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும். என்னுடையது மூன்று இடத்தில் வந்தது. மெயிலின் பாஸ்வேர்டு மெயிலுக்கு மட்டும்தான், வேறு எங்கும் அதைப் போடாதீர்கள், மற்ற எந்தக் கணக்கு போனாலும் மெயில் இருந்தால் மீட்டுவிடலாம், மெயில் போனால் அதை வைத்து மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள்.

எப்படிப்பட்ட பாஸ்வேர்டு? வண்டி நம்பர் வேண்டாம், கேஎல் 09ஓ டிஎன் 41ஓ ஊரே பார்க்கிறது. பிள்ளை பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம், குலதெய்வத்தின் பெயரும் வேண்டாம், எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து தமிழ் வார்த்தைகளை எடுத்து ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். தாழ்ப்பாள், கொப்பரை, மின்னல், சுண்டைக்காய் என்கிற மாதிரி. இதையே போட்டுவிடாதீர்கள், மாதிரிக்குத்தான் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டி விரல் படும் வார்த்தையை எடுத்தால் இன்னும் நல்லது, நாமாக யோசித்தால் தோப்பு, தேங்காய் என்று ஒரே பக்கம்தான் போவோம். இதில் ஒரு சிக்கல் உண்டு, ழகரம் வரும் வார்த்தையை ஆங்கிலத்தில் எப்படி எழுதினோம் என்பது. இசட் எச் போட்டோமா, எல் போட்டோமா, கொழிஞ்சாம்பாறை என்பதையே இங்கே கடைப் பலகைக்குப் பலகை வேறு மாதிரி எழுதுகிறார்கள். ஆரம்பத்திலேயே ஒரு முறையை முடிவு செய்துகொள்ளுங்கள், அல்லது ழ வராத வார்த்தையாக எடுங்கள். என் மாமனாருக்கு நான் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன், ஐந்து வார்த்தை, எல்லாம் தோட்டத்துக்கு வெளியே இருக்கிற சாமான்கள், இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்.

இனி ரொம்ப முக்கியமானது. உள்ளே யாரோ வந்து போன பிறகு பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு உட்காருவது, மடையை அடைத்துவிட்டு வரப்பில் நண்டு வளையை விட்டது மாதிரி, காலையில் பார்த்தால் வயலில் தண்ணீர் இருக்காது. என் நாத்தனாருக்கு இது நடந்திருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அவருக்கு மெயில் போட்டுக் கொடுத்தார்கள். சர்ட்டிஃபிகேட் பிரின்ட் எடுக்க வசதி என்று, அவருக்கு வரும் மெயிலெல்லாம் கடை முகவரிக்கும் ஒரு நகல் போகிற மாதிரி ஃபார்வர்டிங் வைத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அவர் அப்புறம் இரண்டு முறை பாஸ்வேர்டை மாற்றினார். ஃபார்வர்டிங் மாறவில்லை, அது பாஸ்வேர்டோடு சம்பந்தப்பட்டதே இல்லை, ஒருமுறை வைத்தால் நாம் போய் நீக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். கேரள பி.எஸ்.சி.க்கு, தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கான பணியிடத்துக்கு விண்ணப்பித்தது, மகளின் ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாமே அந்தக் கடைக்கும் போயிருக்கிறது. கண்டுபிடித்தது போன மாதம், என் கதைக்கு அப்புறம் ஒவ்வொரு வீட்டு மெயிலாகத் திறந்து பார்த்தபோது.

இதைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது நல்லது, போன் ஆப்பில் எல்லாம் தெரியாது. ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் என்ற பக்கம் இருக்கிறது, தெரியாத முகவரி இருந்தால் நீக்குங்கள். அடுத்து ஃபில்டர்கள், பேங்க் மெயில் வந்தால் நேராகக் குப்பைக்குப் போ என்று ஒருவர் வைத்துவிட்டால் எச்சரிக்கை வந்ததே நமக்குத் தெரியாது. இன்பாக்ஸின் அடியில், வலது ஓரத்தில், சின்ன எழுத்தில் விவரங்கள் என்று இருக்கும், அதை அமுக்கினால் கடைசியாக எங்கிருந்து, எப்போது, எதன் மூலம் கணக்கு திறக்கப்பட்டது என்று பட்டியல் வரும். ஊரின் பெயர் கொஞ்சம் முன்னே பின்னே காட்டினால் பயப்பட வேண்டாம், எங்களுக்குக் கொச்சி என்றும் வரும், சென்னை என்றும் வரும். நீங்கள் தூங்கிய நேரத்தில், உங்களிடம் இல்லாத கருவியில் திறந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

சாதனங்களின் பட்டியலும் அப்படித்தான். கூகுளில் பாஸ்வேர்டை மாற்றினால் பெரும்பாலான இடங்களில் தானாக வெளியேறிவிடும், ஆனால் நாம்தான் என்று உறுதி செய்யப் பயன்படுத்துகிற போன் போன்ற சில சாதனங்களில் உள்ளேயே இருக்கும். விற்ற போன், தம்பிக்குக் கொடுத்த போன், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் பட்டியலில் தெரிந்தால் ஒவ்வொன்றாக வெளியேற்றுங்கள்.

இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள், பாஸ்வேர்டு தெரிந்தாலும் இன்னொரு உறுதி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. எல்லோரும் அதை எஸ்எம்எஸ்ஸில் வைக்கிறார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது நல்லதுதான், ஆனால் இவ்வளவு சொன்ன பிறகு நம்பரை நம்பியே இருங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்துக்கொள்வதுதான் எல்லைப் பக்கத்துக்குச் சரி. 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிற ஆறு இலக்க எண்ணை அது போனுக்குள்ளேயே கணக்குப் போட்டுக் காட்டும், டவர் வேண்டாம், நெட் வேண்டாம், சிம்மே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். போனின் நேரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாட்டுக் கொட்டகையில் நின்றாலும் வரும், துபாயில் நின்றாலும் வரும். 2023ல் இருந்து பாஸ்கீயும் இருக்கிறது, பாஸ்வேர்டே அடிக்காமல் போனில் விரல் வைத்து உள்ளே போவது. நான் வைத்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது.

போன் தொலைந்தால்? அதற்குத்தான் பேக்கப் கோடு. ஒரு தடவையில் பத்து கோடு தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். பிரின்ட் எடுத்து பீரோவில் பத்திரம், ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வைத்திருக்கிறேன். அதை போட்டோ எடுத்து அதே போனில் வைத்துக்கொள்ளாதீர்கள், போனோடு அதுவும் போய்விடும்.

பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி வருகிற மெயில்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் மெயில் பெட்டி நாளை மூடப்படும், இங்கே அமுக்கி மாற்றுங்கள் என்று வந்தால் அங்கே அமுக்காதீர்கள். நீங்களாகக் கூகுள் கணக்கைத் திறந்து உள்ளே போய்ப் பாருங்கள், உண்மையான எச்சரிக்கை என்றால் அங்கேயும் இருக்கும். போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்பவர்கள் எங்கள் பக்கம் மலையாளத்தில் ஆரம்பித்து, நாம் தடுமாறினால் தமிழுக்கு மாறி, ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள். எந்த மொழியில் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐக் கூப்பிடுங்கள், எந்த மாநிலத்தில் நின்றாலும் அதே எண்தான். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், எப்போதோ வாங்கி மறந்தது அங்கே தெரிந்தால் தேவையில்லை என்று தெரிவித்துவிடலாம்.

இந்த ஒரு மாதத்தில் என்னுடையது, இவருடையது, மாமனாருடையது, நாத்தனாருடையது முடிந்தது. ஒரு கணக்குக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, பெரியவர்களுக்கு எதற்கு என்ன என்று சொல்லிச் செய்தால் ஒன்றரை மணி நேரம். மாமனாருடைய ரெக்கவரி நம்பர் எங்கள் வீட்டில் முன்பு தேங்காய் எடுக்க வந்த வியாபாரியின் நம்பராக இருந்தது, மெயில் போட்ட அன்று மாமாவிடம் போன் இல்லாததால் அவர் போனைக் கொடுத்திருக்கிறார். இப்போது பார்த்தால் அந்த வியாபாரியும் அந்த நம்பரில் இல்லை.

இன்னும் அம்மாவுடையது பாக்கி. அம்மாவின் சிம் அண்ணன் பெயரில், ரெக்கவரி மெயில் அண்ணன் பழைய கம்பெனியில் வைத்திருந்தது, அந்தக் கம்பெனியை விட்டு அவர் ஆறு வருடத்துக்கு முன்பே வந்துவிட்டார். அண்ணனும் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பொள்ளாச்சி போகிறேன்.